எண்பதில் போனால் எத்தனை நிமிஷம் மிச்சம்?

முதலில் ஒரு கேள்வி. பேனாவும் போனும் எடுக்காமல், மனசில் முதலில் தோன்றுவதைச் சொல்லுங்கள். தூரம் 10 கிலோமீட்டர். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்த ஒருவர் 30-க்கு மாறுகிறார். 60-இல் போய்க்கொண்டிருந்த இன்னொருவர் 90-க்கு மாறுகிறார். யாருக்கு நேரம் அதிகம் மிச்சம்?

இதை என் அக்கா மகனிடம் கேட்டேன். படிப்பு முடிந்து நாகர்கோவிலில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசம் ஆகிறது. வீடு அழகியமண்டபம். தினமும் பைக்கில்தான் போக்குவரத்து. "தொண்ணூறுல போனவனுக்குத்தான் மாமா, இதுல என்ன சந்தேகம்?" என்றான். அந்தப் பக்கம் 30 கூடியிருக்கிறது, இந்தப் பக்கம் வெறும் 10. அவன் நியாயம் அது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 20-இல் போனால் 10 கிலோமீட்டருக்கு அரை மணி நேரம். 30-இல் போனால் 20 நிமிஷம். மிச்சம் 10 நிமிஷம். மற்றவருக்கு? 60-இல் 10 நிமிஷம், 90-இல் 6 நிமிஷம் 40 வினாடி. மிச்சம் 3 நிமிஷம் 20 வினாடி. தொண்ணூறில் பறந்தவருக்குக் கிடைத்தது, சைக்கிள் வேகத்திலிருந்து கொஞ்சம் கூட்டியவருக்குக் கிடைத்ததில் மூன்றில் ஒரு பங்கு.

"ரெண்டுமே ஒன்றரை மடங்குதானே, அப்போ ரெண்டும் சமம்" என்று சிலர் சொல்வார்கள். அதுவும் தப்பு. இருவருக்கும் மிச்சமாவது மூன்றில் ஒரு பங்கு என்பது சரி. ஆனால் எதில் மூன்றில் ஒரு பங்கு? ஒருவருக்கு அரை மணி நேரத்தில், மற்றவருக்குப் பத்தே நிமிஷத்தில்.

இந்தக் கேள்வியை நான் சும்மா கேட்கவில்லை. அக்கா போன் போட்டு ஒரு பாடு அழுதாள். காலையில் புட்டையும் பயறையும் பாதியில் வைத்துவிட்டு எழுந்து ஓடுகிறானாம், ரோட்டில் எண்பதில் போகிறானாம், பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துச் சொன்னாராம். "அவங்கிட்ட நீ ஒண்ணு சொல்லு." புத்தி சொன்னால் கேட்கிற வயசு இல்லை அவனுக்கு. கணக்குச் சொன்னால் கேட்பான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

குழப்பம் ஸ்பீடோமீட்டரில் தொடங்குகிறது. ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் போகலாம் என்று அது சொல்கிறது. காலை எட்டரை மணிக்கு நமக்கு வேண்டிய தகவல் அது இல்லை. தூரம் மாறப்போவதில்லை, அழகியமண்டபத்தையும் நாகர்கோவிலையும் யாரும் நகர்த்தி வைக்கப்போவதில்லை. இருக்கிற தூரத்துக்கு எவ்வளவு நேரம் என்பதுதான் நம் கேள்வி. மீட்டர் அதைத் தலைகீழாகப் போட்டுக் காட்டுகிறது.

திருப்பிப் போடுவது எளிது. ஒரு மணி நேரத்துக்கு 3,600 வினாடி. அதை வேகத்தால் வகுத்தால், ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை வினாடி என்று வந்துவிடும். 20-இல் போனால் 180 வினாடி. 30-இல் 120. 40-இல் 90. 60-இல் 60, அறுபதுக்கு அறுபது என்று ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். 80-இல் 45. 90-இல் 40. 100-இல் 36.

இப்போது இறங்குகிற அளவைப் பாருங்கள். 20-லிருந்து 30-க்கு ஏறினால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு முழு நிமிஷம் கையில் வருகிறது. 30-லிருந்து 40-க்கு அரை நிமிஷம். 80-லிருந்து 90-க்கு வெறும் 5 வினாடி. 90-லிருந்து 100-க்கு 4 வினாடி. முறுக்குவது அதே பத்துதான், கிடைப்பது தேய்ந்துகொண்டே போகிறது. தேங்காய்ப்பால் பிழிகிற மாதிரி. முதல் பால் கட்டியாக வரும், இரண்டாம் பால் பரவாயில்லை, அதற்கப்புறம் எவ்வளவு பிழிந்தாலும் வெளுத்த தண்ணீர்தான். கைவலி மட்டும் கூடும்.

இந்த இடத்தில் ஏமாறுவது நம் ஊர்க்காரர்கள் மட்டுமில்லை. ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் ஓலா ஸ்வென்சன் 1970-களிலேயே இதை ஆராய்ந்தவர். ஏற்கெனவே வேகமாகப் போகிறவர் இன்னும் வேகமாகப் போனால் கிடைக்கும் மிச்சத்தை மனிதர்கள் கூட்டி மதிப்பிடுகிறார்கள். மெதுவாகப் போகிறவர் கொஞ்சம் வேகம் கூட்டினால் கிடைப்பதைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். பிற்பாடு வேறு ஆய்வாளர்கள், வேகத்தோடு சேர்த்து 'இவ்வளவு தூரத்துக்கு இத்தனை நிமிஷம்' என்றும் காட்டிப் பார்த்தார்கள். மதிப்பீடு சரியாக வந்தது. ஆக, குறை மூளையில் பாதி, மீட்டரில் பாதி. வண்டிக் கம்பெனிகள் ஏன் இப்படி ஒரு மீட்டரைப் பொருத்துவதில்லை என்று கேட்கத் தோன்றும். வேகத்தைக் காட்டித்தானே வண்டியை விற்கிறார்கள்!

சரி, ரோட்டுக்கு வருவோம். அழகியமண்டபத்திலிருந்து நாகர்கோவில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். தக்கலை, புலியூர்குறிச்சி, வில்லுக்குறி, தோட்டியோடு, சுங்கான்கடை, பார்வதிபுரம் என்று வரிசை. பேருக்கு இது தேசிய நெடுஞ்சாலை. முன்பு 47, இப்போது 66. மும்பைக்குப் பக்கத்தில் பன்வேலில் தொடங்கி மேற்குக் கடற்கரையோரமாகவே வந்து நம் கன்னியாகுமரியில் முடிகிற சாலை. ஆனால் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குள் அதன் குணம் வேறு. 2011 கணக்கெடுப்பில் இந்தச் சின்ன மாவட்டத்தில் 18.7 லட்சம் பேர். சதுர கிலோமீட்டருக்கு 1,100-க்கு மேல். கேரளத்தைப் போல இங்கேயும் ஓர் ஊர் முடிந்து வெட்டவெளி, பிறகு அடுத்த ஊர் என்ற பேச்சே இல்லை. இந்த ஊரின் கடைசி வீட்டு மதிலும் அடுத்த ஊரின் முதல் வீட்டு மதிலும் ஒன்றாகவே இருக்கும். ஊர்ப் பெயர்களைக் கவனித்திருக்கிறீர்களா? மண்டபம், மடம், கடை, மூடு (மரத்தடி). நடந்து போன காலத்தில் சுமையை இறக்கி வைத்து நின்ற இடங்கள். பெயரிலேயே நிற்பது இருக்கிறது. அந்த வழியில்தான் மருமகன் பறக்கப் பார்க்கிறான்.

அவன் பயணத்தை மூன்று துண்டாகப் பிரித்தோம். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று எண்களை வட்டமாக்கிக்கொண்டோம். தக்கலை பஸ் ஸ்டாண்டு, வில்லுக்குறி, பார்வதிபுரம் தாண்டி வெட்டூர்ணிமடம் என்று ஊர்ந்து போகிற பகுதி எல்லாம் சேர்த்து 8 கிலோமீட்டர், சராசரி 20 வேகம். அது 24 நிமிஷம். ஓரளவு ஓட்டம் கிடைக்கிற மீதி 12 கிலோமீட்டரில் 45 வேகம். அது 16 நிமிஷம். சிக்னலிலும், திரும்புகிற லாரிக்குப் பின்னாலும், பஸ் நிற்கும்போதும் சும்மா நிற்பது 5 நிமிஷம். மொத்தம் 45 நிமிஷம்.

இப்போது 12 கிலோமீட்டரில் 45-ஐ 60 ஆக்குவோம். 16 நிமிஷம் 12 ஆகிறது. மிச்சம் 4 நிமிஷம். 80-க்கு முறுக்கினால்? 9 நிமிஷம். மிச்சம் 7. அதுவும் அந்த 12 கிலோமீட்டர் முழுக்க பிரேக்கைத் தொடாமல் 80-இல் போக முடிந்தால். அந்த ரோட்டில் அப்படி ஒரு கிலோமீட்டர்கூட யாரும் போனதை நான் பார்த்ததில்லை. கொஞ்ச தூரம் 80 காட்டும், உடனே ஒரு மினி பஸ் நடுரோட்டில் நிற்கும், 15-க்கு இறங்கும். மருமகன் நாள்பூரா கண்ட 80 எல்லாவற்றையும் கூட்டினால் இரண்டு மூன்று கிலோமீட்டர் தேறலாம். ஒரு கிலோமீட்டரை 45-க்குப் பதில் 80-இல் போனால் மிச்சம் 35 வினாடி. மூன்று கிலோமீட்டருக்கு ஒண்ணே முக்கால் நிமிஷம். இதற்காகத்தான் புட்டு பாதியில் நிற்கிறது.

இன்னொரு பக்கம் திரும்புங்கள். ஊருக்குள் ஊர்கிற 8 கிலோமீட்டரில் 20 என்ற வேகம் 24 ஆனால்? 24 நிமிஷம் 20 ஆகிறது. மிச்சம் 4 நிமிஷம். அதாவது வெளியே 15 கூட்டி 60-இல் போனால் என்ன கிடைக்குமோ, அதே 4 நிமிஷம் உள்ளே 4 கூடினாலே கிடைத்துவிடுகிறது. கையில் இருக்கிற ஆக்சிலேட்டரால் இந்த 4-ஐக் கூட்ட முடியாது. அதை எப்படிக் கூட்டுவது என்பதைப் பிறகு பார்ப்போம்.

"அப்போ அந்த 12 கிலோமீட்டரை எவ்வளவு வேகத்துல போனாலும்..." என்று அவனே இழுத்தான். ஆமாம், ஜெட் விமானத்தில் போனாலும், கண்மூடித் திறப்பதற்குள் போனாலும், 24-ம் 5-ம் சேர்ந்து 29 நிமிஷம் அப்படியே இருக்கும். சட்டென்று அவன் முகம் மாறியது. "மாமா, இது அம்டால் விதி." கணினிப் பொறியாளர் ஜீன் அம்டால் 1967-இல் சொன்னது: ஒரு வேலையின் ஒரு பகுதியை மட்டும் எவ்வளவு வேகப்படுத்தினாலும், வேகப்படுத்த முடியாத பகுதி மொத்த நேரத்தைக் கட்டிப்போட்டுவிடும். பரீட்சைக்குப் படித்தானாம். நெடுஞ்சாலையில் தினமும் அதில்தான் போய்க்கொண்டிருந்திருக்கிறான், தெரியவில்லை.

சராசரி வேகம் என்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி 20 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். விடியுமுன் ரோடு காலி, 60-இல் போய்ச் சூரியோதயம் பார்க்கிறீர்கள். திரும்பும்போது ஐயப்ப சீசன் கூட்டம், வண்டி 20-இல் ஊர்கிறது. போகவர சராசரி வேகம் என்ன? 60-ம் 20-ம் கூட்டினால் 80, பாதி 40 என்று வாய் சொல்லும். போக 20 நிமிஷம், வர 60 நிமிஷம். 40 கிலோமீட்டருக்கு 80 நிமிஷம். சராசரி 30-தான். வேகமாகப் போன பகுதி சீக்கிரம் முடிந்துவிடுகிறது, அதனால் அதற்குக் கணக்கில் எடை குறைவு. மெதுவாகப் போன பகுதியில் நாம் நீண்ட நேரம் உட்கார்ந்திருக்கிறோம். சராசரியை அதுதான் தன் பக்கம் இழுக்கும்.

இதையே கொஞ்சம் கொடூரமாகவும் கேட்கலாம். 20 கிலோமீட்டர் பயணத்தில் முதல் 10 கிலோமீட்டரை 20 வேகத்தில் ஊர்ந்துவிட்டீர்கள். மொத்தச் சராசரியை 40-க்குக் கொண்டுவர மீதி 10 கிலோமீட்டரை எந்த வேகத்தில் போக வேண்டும்? அறுபது என்பார்கள். முடியாது. எந்த வேகத்திலும் முடியாது. 20 கிலோமீட்டரை 40 சராசரியில் முடிக்க மொத்தம் 30 நிமிஷம். அந்த 30 நிமிஷமும் முதல் பாதியிலேயே செலவாகிவிட்டது. தக்கலையில் விட்டதைச் சுங்கான்கடையில் பிடிக்கப் பார்க்கிறவர்கள் எல்லாரும் இந்தக் கணக்கில் தோற்றுக்கொண்டிருக்கிறவர்கள்தான்.

நானும் ஒரு காலத்தில் அந்தக் கூட்டத்தில் இருந்தவன். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது கணக்கு வாத்தியார் இல்லை, ஒரு மீன்காரர். டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டி, பின்னால் ஐஸ் போட்ட மீன்பெட்டி, தண்ணீர் சொட்டிக்கொண்டே போகும். அழகியமண்டபம் தாண்டியதும் தினமும் அவரை முந்துவேன். தக்கலையில் நான் ஒரு பஸ்ஸின் புகையைக் குடித்துக்கொண்டு நிற்கும்போது, அவர் நிதானமாகப் பக்கத்தில் வந்து சேர்வார். கொஞ்ச நாள் எரிச்சலாக இருந்தது. ஒரு நாள் கேட்டேவிட்டேன்: "அண்ணாச்சி, இந்த வண்டிய வச்சிக்கிட்டு எப்படிக் கூடவே வாறிய?" சிரித்தார். "தம்பி ஓடி ஓடி நிக்கிய. நான் நிக்காம போறேன், அம்புட்டுதான்." குமாரகோவில் விலக்கில் திரும்பிப் போய்விட்டார்.

அதற்கப்புறம் அவர் ஓட்டுவதைக் கவனித்தேன். முன்னால் பஸ் நிற்கப்போகிறது என்றால் நூறு மீட்டருக்கு முன்பே கையைத் தளர்த்திவிடுவார். அவர் போய்ச் சேரும்போது பஸ் கிளம்பியிருக்கும். நான் 60-இல் போய் பஸ்ஸின் முதுகில் மோதுகிற மாதிரி நின்று, காலை ஊன்றி, மறுபடி முதல் கியரில் தொடங்குவேன். இருவரும் அந்த இடத்தைக் கடப்பது ஒரே நேரத்தில். வித்தியாசம், என் பெட்ரோலும் பிரேக் ஷூவும் தேய்ந்ததுதான். ஓடுகிற வண்டியிலுள்ள இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 45-இல் இருக்கும்போது உள்ளதைவிட 60-இல் கிட்டத்தட்ட 1.8 மடங்கு. ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும், பெட்ரோல் ஊற்றிச் சேர்த்த அதையெல்லாம் சூடாக்கிக் காற்றில் விடுகிறோம்.

நெரிசலில் முந்துவதால் என்ன கிடைக்கிறது என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். ஒரு ஜங்ஷன் அடைத்துக்கொண்டிருக்கிறது என்றால், ஒரு நேரத்தில் இவ்வளவு வண்டிதான் அதைக் கடக்க முடியும் என்று அர்த்தம். ஒரு வரிசையில் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பினால், ஒரு வண்டிக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 2 வினாடி. மணிக்கு 1,800 வண்டி. வரிசை நீண்டிருக்கும்போது நீங்கள் அங்கே எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தீர்கள் என்பதற்கு மதிப்பில்லை, எத்தனையாவது ஆள் என்பதற்குத்தான் மதிப்பு. ரேஷன் கடை வரிசை மாதிரிதான். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பத்து காரை முந்தினீர்கள் என்றால் கிடைப்பது 20 வினாடி. இருசக்கர வண்டிகள் இரண்டு மூன்றாகச் சேர்ந்து நுழைந்துவிடும், ஆகவே பத்து பைக்கை முந்தினால் அதைவிடவும் குறைவு.

சிக்னல் விஷயத்தில் மட்டும் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். "எவ்வளவு வேகமாகப் போனாலும் சிக்னலில் எல்லாரும் ஒன்றாகத்தான் நிற்கணும்" என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதிதான் உண்மை. நீங்கள் 20 வினாடி முந்திப் போய், சிகப்பு விளக்கில் 20 வினாடி கூடுதலாக நின்றால் மிச்சம் பூஜ்யம். ஆனால் என்றைக்காவது, மஞ்சளுக்கு ஒரு வினாடி முன்னால் கடந்துவிடுவீர்கள். அன்றைக்கு ஒரு முழு சிகப்பு நேரமே லாபம். பல நாள் கூட்டிப் பார்த்தால் சிக்னல் உங்கள் மிச்சத்தை முழுசாகத் தின்பதுமில்லை, பெருக்கிக் கொடுப்பதுமில்லை. வித்தியாசம் ஞாபகத்தில் இருக்கிறது. கடந்துபோன ஒரு நாளை வாரம் முழுக்கச் சொல்லுவோம். நின்ற நாலு நாள் மறந்துபோகும்.

நிற்காமல் போவதன் மதிப்பு நம் ஊர்ப் பஸ்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். நாகர்கோவில் – திருநெல்வேலி 'எண்டு டு எண்டு' பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற பஸ்ஸைவிட அது பெரிய வேகத்தில் ஓடுவதில்லை. வழியில் ஆள் ஏற்றி இறக்குவதில்லை, அவ்வளவுதான். நேரத்தோடு கொண்டுபோய் விடுகிறது. மார்த்தாண்டத்திலும் பார்வதிபுரத்திலும் கட்டிய மேம்பாலங்கள் செய்ததும் இதையே. பாலம் யாருடைய வண்டியின் வேகத்தையும் கூட்டவில்லை. கீழே நின்றுகொண்டிருந்த நேரத்தை எடுத்துவிட்டது. 0-விலிருந்து 30-க்கு வருவதுதான் உலகத்திலேயே பெரிய வேக உயர்வு!

மருமகன் விடவில்லை. "நாலு நிமிஷம்னு லேசா சொல்லாதிங்க மாமா. போகவர எட்டு. வருஷத்துக்கு 300 நாள் வேலை. 2,400 நிமிஷம். நாப்பது மணி நேரம்!" நல்ல வாதம். கணக்கிலும் பிழையில்லை. ஆனால் அந்த நாற்பது மணி நேரம் ஒன்றாகச் சேர்ந்து ஒரு லீவு மாதிரி கையில் வரப்போவதில்லை. நாலு நாலு நிமிஷச் சில்லறையாக வரும். "நேற்று நாலு நிமிஷம் முந்திப் போனியே, அதை என்ன செய்தாய்?" என்று கேட்டேன். வண்டியை நிறுத்திவிட்டுப் போன் பார்த்தானாம். அதைவிட முக்கியம், நம் ரோட்டில் ஒரு நாளைக்கும் மறுநாளைக்கும் உள்ள வித்தியாசமே நாலு நிமிஷத்தைவிடப் பெரியது. மழை ஒரு நாள், வழியில் பழுதாகி நிற்கிற லாரி ஒரு நாள், கோயில் கொடைக்கோ சர்ச் திருவிழாவுக்கோ ரோட்டோரம் பந்தல் ஒரு நாள். வீட்டிலிருந்து கிளம்புகிற நேரத்தை இந்தக் கெட்ட நாளை வைத்துத்தான் முடிவு செய்கிறோம். கெட்ட நாளில் வேகமாகப் போகவும் இடமிருக்காது.

இனி பயப்படுத்துகிற பகுதி. சுருக்கமாக முடிக்க நினைத்தேன், ஆனால் இந்தக் கணக்குதான் என்னையே உலுக்கியது.

இரண்டு வண்டிகள் அடுத்தடுத்து வருகின்றன. ஒன்று 50-இல், மற்றது 70-இல். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை குறுக்கே இறங்குகிறது. பார்த்து, புரிந்து, கை பிரேக்குக்குப் போக ஒன்றரை வினாடி ஆகிறது என்று வையுங்கள். அந்த ஒன்றரை வினாடியில் 50-இல் வருகிற வண்டி 21 மீட்டர் போய்விடும், 70-இல் வருவது 29 மீட்டர். பிறகு பிரேக். உலர்ந்த தார்ரோடு, நல்ல டயர், ஒவ்வொரு வினாடிக்கும் வேகம் மணிக்கு 22 கிலோமீட்டர் வீதம் இறங்குகிறது என்று தாராளமாகவே எடுத்துக்கொள்வோம். 50-இல் வந்த வண்டி இன்னும் 16 மீட்டரில் நிற்கும். மொத்தம் 37 மீட்டர். பிள்ளை அந்த 37-ஆவது மீட்டரில் நிற்கிறது. வண்டி அதன் முன்னால் நின்றுவிட்டது. 70-இல் வந்தவன் அதே இடத்துக்கு வரும்போது என்ன வேகத்தில் இருப்பான்?

இருபதாக இருக்கும் என்றான் மருமகன். வித்தியாசம் 20 தானே.

அறுபது. அவனுக்கு அப்போதுதான் பிரேக் பிடிக்கத் தொடங்கியிருக்கும். கையில் இருந்த 37 மீட்டரில் 29-ஐ யோசிக்கிறதிலேயே கடந்துவிட்டான். மழையில் நனைந்த ரோட்டில் இரண்டு பேருக்குமே தூரம் இன்னும் கூடும். நமக்கோ தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவத்திலும் மழை. சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான வாய்ப்பு 4 சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இங்கே தேங்காய்ப்பால் கணக்கு தலைகீழ்: வேகம் கூடக் கூட மிச்சம் தேய்கிறது, ஆபத்து வளர்கிறது. சட்டப்படியும், 2018-இல் மத்திய அரசு அறிவித்த உச்ச வரம்பு நான்குவழிச் சாலை அல்லாத ரோடுகளில் இருசக்கர வண்டிக்கு 60. மருமகனின் 80 அதற்கு வெளியே.

வேகத்துக்குப் பலனே இல்லை என்று நான் சொல்லவில்லை. தூரம் நீண்டு, இடையில் நிற்பது குறைந்தால் பலன் உண்டு. காவல்கிணறு தாண்டி நான்குவழிச் சாலையில் காரில் ஏறிவிட்டால் வேறு உலகம். நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி சுமார் 80 கிலோமீட்டர். சராசரி 60 என்றால் 80 நிமிஷம், சராசரி 80 என்றால் 60 நிமிஷம். இருபது நிமிஷம் கண்ணுக்குத் தெரிகிற மிச்சம். ஆனால் அங்கேயும் 100, 120 என்று போகப் போகப் பழைய கதைதான். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், பெட்ரோல் முள் இறங்குவது தெரியும். தினசரி வேலைக்குப் போகிற பதினைந்து இருபது கிலோமீட்டருக்கு, அதுவும் நம் ரோட்டில், அந்தக் கணக்கு செல்லாது.

அப்படியென்றால் ஊருக்குள் ஊர்கிற அந்த 20-ஐ எப்படி 24 ஆக்குவது? வண்டியால் முடியாது, கடிகாரத்தால் முடியும். எட்டேகாலிலிருந்து ஒன்பதேகால் வரை பள்ளிக்கூட வேன், கல்லூரிப் பஸ், ஆபீஸ் போகிறவர்கள் எல்லாரும் இந்த ஒற்றை ரோட்டில்தான் இறங்குகிறார்கள். அதில் நடுப்பகுதியில் போய் மாட்டாமல் முன்னால் கிளம்புவது ஒன்றுதான் 20-ஐக் கூட்டுகிற வழி. குறுக்குவழி தெரிந்திருந்தாலும் நல்லதுதான். ஊர்கிற இடத்தில் ஒரு கிலோமீட்டர் குறைந்தாலே 3 நிமிஷம் மிச்சம்; அதே ஒரு கிலோமீட்டர் ஓட்டம் கிடைக்கிற இடத்தில் குறைந்தால் 1 நிமிஷம் 20 வினாடிதான். எதை வெட்ட வேண்டும் என்று இப்போது தெரியும்.

மருமகன் சரி என்று சொல்லவில்லை. மறுநாள் பரீட்சித்துப் பார்க்கிறேன் என்றான். எட்டரைக்குக் கிளம்புகிறவன் ஏழே முக்காலுக்குக் கிளம்பிப் போய்ப் பார்த்திருக்கிறான். தக்கலையில் நிற்கவே இல்லையாம். ஐம்பதைத் தாண்டாமலே பழைய நேரத்தைவிடக் குறைவாகப் போய்ச் சேர்ந்ததாகப் போனில் சொன்னான். இப்போது அதுவே பழக்கமாகிவிட்டது.

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். சந்தோஷமாக இருப்பாள் என்று நினைத்தேன். புட்டும் பயறும் பப்படமும் வைத்துவிட்டு, பக்கத்தில் நின்று முறைத்தாள். "நீ கணக்குச் சொல்லிட்டுப் போயிட்ட. இப்ப நாலரைக்கு எந்திரிச்சு மாவு நனைக்கது நானில்லா?"